விக்கின் சுருளை நிலைநிறுத்துவது எது?

சூடான கர்லரில் முடியைச் சுற்றிச் சில நொடிகள் பிடித்து விட்டால் சுருள் விழுகிறது. பார்ப்பவருக்கு, சூடுதான் சுருளைச் செய்தது என்று தோன்றும். விக் அணிவோர் பலரும், அதைச் சீர்செய்து தருவோர் சிலரும்கூட, அப்படியே நம்புகிறார்கள். நம்பிக்கை அதுவானால் கையும் அதன்வழியே போகிறது. சுருள் நிற்கவில்லையென்றால் சூட்டைக் கூட்டுகிறார்கள். நல்ல விக்குகள் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உண்மையில் சூடு எந்த வடிவத்தையும் நிலைநிறுத்துவதில்லை. பழைய வடிவத்தின் பிடியைத் தளர்த்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. புதிய வடிவம் நிலைப்பது ஆறும்போது. எந்த விக்குக்கு எவ்வளவு சூடு, எங்கே ஈரம் வேண்டும், எங்கே கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒரு செய்திக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் பொறுமையாக விரித்துப் பார்ப்போம். இங்கே வரும் வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸ் கணக்கு.

விரிக்குமுன் மூன்று சொற்களைத் தெளிவாக வேறுபடுத்திக்கொள்வது நல்லது. இளகுதல் என்பது, பொருள் தன் உருவத்தை விட்டுவிடாமல் விறைப்பை மட்டும் இழப்பது. உருகுதல் என்பது, உருவத்தையே இழந்து நீர்மையாவது. கருகுதல் என்பது, பொருளே சிதைந்து வேறொன்றாகிவிடுவது. முதலாவதிலிருந்து மீளலாம், மற்ற இரண்டிலிருந்தும் மீள வழியில்லை. மனித முடி இளகும், கருகும், ஒருபோதும் உருகாது. செயற்கை இழை இளகும், உருகும். விக்கில் செய்யும் சூட்டு வேலை முழுவதும் இளகுதல் என்ற எல்லைக்குள்ளேயே தொடங்கி முடிய வேண்டும். ஒவ்வொரு வகை விக்குக்கும் அந்த எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அறிவதே பாதுகாப்பு.

மனித முடியை முதலில் எடுத்துக்கொள்வோம். முடித்தண்டு கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நீண்ட புரதச் சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு முக்கியமாக இருவகைப் பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. இது வலியது; சாதாரணச் சூட்டுக்கும் தண்ணீருக்கும் அசையாது. ஒருவருடைய முடி பிறவியிலேயே சுருளா நேரா என்பதைக் காத்து நிற்பதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. மற்றது ஹைட்ரஜன் பிணைப்பு. இது தனித்தனியே மிக மெலிந்தது, எண்ணிக்கையில் மிகப் பெருத்தது. தண்ணீர் பட்டாலும் அவிழும், சூடு பட்டாலும் அவிழும். நீர் வெளியேறி, சூடு தணியும்போது, சங்கிலிகள் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். கர்லரும் ஸ்ட்ரெயிட்னரும் தொடுவது இந்த இரண்டாவது பிணைப்பை மட்டுமே.

இதற்குச் சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது. ஈரத்தலையைப் பின்னி இரவு முழுவதும் விட்டுக் காலையில் அவிழ்த்தால் முடி அலையலையாக இருக்கும். அங்கே சூடே இல்லை. ஈரம் பிணைப்புகளை அவிழ்த்தது, பின்னல் வடிவம் கொடுத்தது, உலர்தல் அதை நிலைநிறுத்தியது. எதிர்ப்பக்கச் சான்று கடலோர ஊர்களில் கிடைக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ காலையில் நேராக்கிய முடி, மாலைக் கடற்காற்றில் தன் பழைய வளைவுக்குத் திரும்பிவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் பிணைப்புகளை மறுபடி அவிழ்த்துவிடுகிறது. ஆகவே மனித முடி விக்கில் சூட்டால் செய்த எந்த வடிவமும் அடுத்த ஈரம்வரைதான். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. தவறாகச் சுருட்டினால் அலசி மறுபடி தொடங்கலாம் என்பது அந்த விக்குக்குள்ள பெரிய நன்மை.

பழைய விக் கலைஞர்கள் இதை வேதியியல் பெயர்கள் தெரியாமலே நன்கு அறிந்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் விக் செய்யும் தொழில் ஓங்கியிருந்தது. கார்சோ என்பவர் 1767இல் அந்தத் தொழிலை விளக்கித் தனி நூலே எழுதினார். அக்காலத்தில் முடியைச் சிறு களிமண் உருளைகளில் இறுகச் சுற்றுவார்கள். தண்ணீரில் நெடுநேரம் கொதிக்க வைப்பார்கள். பிறகு உலர்த்துவார்கள். உலர்ந்ததைத் தாளில் பொதிந்து, மேலே கம்பு மாவுப் பிசைவைப் போர்த்தி, ரொட்டி சுடுபவரின் அடுப்புக்கு அனுப்புவார்கள். அந்த மாவுப் போர்வையைக் கவனியுங்கள். அடுப்பின் கடுஞ்சூடு முடியை நேரடியாகத் தொடாதபடி அது தடுத்தது. வெந்து வெளியே வந்ததை ஆறவிட்டே உருளைகளைக் கழற்றினார்கள். ஈரம், மட்டான சூடு, உலர்தல், ஆறுதல் ஆகிய நான்கும் அங்கே இருந்தன. இன்றும் நாடக அரங்குகளின் விக் அறைகளில் முடியை ஈரமாக ரோலர்களில் சுற்றி, மிதமான வெப்பக்காற்றுப் பெட்டிக்குள் வைத்து உலர்த்தி, முழுக்க ஆறிய பிறகே ரோலரை எடுக்கிறார்கள். கர்லரைவிட இதற்கு நேரம் அதிகம். விலையுயர்ந்த மனித முடி விக்குக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

இனி எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். உலர்ந்த முடியில் கெராட்டினின் கட்டமைப்பே குலைவது சுமார் 220 டிகிரிக்கு மேல். ஈரத்தில் முழுக்க ஊறிய முடியில் அதே குலைவு 150 டிகிரி அளவிலேயே நேர்ந்துவிடும். நீர் புரதத்தை முன்பே தளர்த்திவைத்திருப்பதுதான் காரணம். ஈர முடியில் அயர்ன் (சூடான கர்லரோ ஸ்ட்ரெயிட்னரோ) வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்டுக்குள் சிக்கிய நீர் திடீரென ஆவியாகும்போது வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழ்களாக விரிகிறது. நுண்ணோக்கியில் அந்தத் தண்டு துளைகள் நிறைந்ததாகத் தெரியும். மருத்துவர்கள் அதைக் குமிழ் முடி என்றே அழைக்கிறார்கள். அந்த இடத்தில் முடி ஒடிந்துவிடும். அயர்னை வைத்ததும் 'சொய்ங்' என்ற ஒலியும் ஆவியும் எழுந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு ரோலரில் சுற்றுவது சரி, ஈரத்தோடு அயர்ன் வைப்பது தவறு. இவை இரண்டும் முரணல்ல. முதலாவதில் நீர் மெல்ல வெளியேற நேரம் இருக்கிறது; இரண்டாவதில் அந்த நேரம் இல்லை.

தலையில் வளரும் முடிக்குச் சொல்லப்படும் அளவுகளை விக்குக்கு அப்படியே கொள்ளக் கூடாது. வளரும் முடிக்கு வேரிலிருந்து எண்ணெய் வருகிறது, கெட்ட நுனியை வெட்டினால் புதியது வளர்கிறது. விக்கின் முடிக்கு இரண்டும் இல்லை. அதோடு அந்த முடி கடந்துவந்த பாதையையும் நினைக்க வேண்டும். தண்டின் மேல் ஓடுகளை அடுக்கியதுபோல் நுண்செதில்கள் உண்டு. அவை வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். திருப்பதி, பழனி போன்ற தலங்களில் காணிக்கையாகக் கிடைக்கும் நீண்ட முடியை வேர், நுனி மாறாமல் திரட்ட முடியும். செதில் திசை குலையாத அந்த முடியைச் சந்தையில் ரெமி என்கிறார்கள். வீதிவீதியாக வந்து சீப்பில் உதிர்ந்த முடியைச் சிறு பொருள்களுக்கு மாற்றாக வாங்கிப் போவோரிடம் சேர்வதில் திசை கலந்துவிடும். எதிரெதிர்ச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிச் சிக்காகும். அதைத் தவிர்க்க, அமிலத்தில் முக்கிச் செதிலை நீக்கி, சிலிக்கோன் பூச்சுக் கொடுத்து மினுக்குவது வழக்கம். செதில் போன முடி நீரை விரைவில் இழக்கும், சூட்டை நேரே உள்ளே வாங்கும். சிலிக்கோன் பூச்சோ சில அலசல்களில் கரைந்து போய்விடும். எனவே வாங்கிய புதிதில் தாங்கிய சூட்டை அதே விக் சில மாதங்களுக்குப் பின் தாங்காமல் போகலாம். விக்கின் வயது ஏற ஏற அதற்குக் கொடுக்கும் சூடு இறங்க வேண்டும்.

சாயமேற்றாத நல்ல ரெமி முடிக்கு 150 முதல் 170 டிகிரி போதும். 180ஐத் தாண்ட வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. நிறம் வெளுத்துச் சாயமேற்றியதற்கும், செதில் நீக்கியதற்கும் 120 முதல் 140க்குள் நின்றுவிடுவது நல்லது. எண் காட்டாத பழைய கர்லராக இருந்தால், மெல்லிய வெள்ளைத் தாளை அதில் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். தாள் பழுப்பேறினால் முடிக்கும் அது மிகுதி. சிறு சிறு கற்றையாக எடுத்து, ஒரே இழுப்பில், நிறுத்தாமல் கொண்டுபோக வேண்டும். பிறகு வருவதுதான் பலரும் விட்டுவிடும் படி. கர்லரிலிருந்து கழன்ற சுருளை உடனே தொங்கவிடாமல், சுருளாகவே உள்ளங்கையில் ஏந்தி, கிளிப் குத்தி வைத்து, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள். சூடாக இருக்கும்போதே தொங்கவிட்டால் முடியின் எடையே சுருளை நீட்டிவிடும். நீண்ட நிலையிலேயே அது ஆறும். சுருள் நிற்காததற்குக் காரணம் குறைந்த சூடு என்று நினைத்துக் கூட்டுவது இந்த இடத்தில்தான். அங்கே குறைந்தது பொறுமை.

செயற்கை இழைக்கு வரும்போது உட்பொருள் முற்றிலும் மாறுகிறது. சாதாரணச் செயற்கை விக்குகளில் பெரும்பாலும் இருப்பது மோடாக்ரிலிக் இழை. ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் விற்றுவரும் கனேகலோன் இவ்வகையில் பெயர்பெற்றது. மலிவான விக்குகளில் பி.வி.சி. இழையும் உண்டு. இவற்றில் நீர் செய்யும் வேலை எதுவும் இல்லை. ஈரம் வடிவத்தைக் குலைக்காது. எனவேதான் செயற்கை விக்கை அலசி உலர்த்தினாலும் ஆலையில் கொடுத்த சுருள் அப்படியே திரும்பி நிற்கிறது. இங்கே வடிவத்தைக் காப்பது, குளிர்ந்த நிலையில் நெகிழிச் சங்கிலிகள் நகர முடியாமல் உறைந்திருப்பதுதான். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் அவை நகரத் தொடங்கும். பி.வி.சி.யில் அது 80 டிகிரியைச் சுற்றி இருக்கும். மறுபடி ஆறும்போது எந்த நிலையில் இருந்தனவோ அதிலேயே உறையும். கருப்பட்டிப் பாகைச் சிரட்டையில் ஊற்றுபவர், அது ஆறி இறுகுமுன் கவிழ்க்க மாட்டார். கவிழ்த்தால் சிரட்டையின் வடிவம் வராது. செயற்கை விக்கில் ரோலர்தான் அந்தச் சிரட்டை.

இழை இளகும் வெப்பத்துக்கும் அது சுருங்கிக் கெடும் வெப்பத்துக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. மோடாக்ரிலிக் 150 டிகிரியை நெருங்கும்போது சுருங்கி, மினுமினுத்து, ஒட்டிக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் பல ஸ்ட்ரெயிட்னர்களின் மிகக் குறைந்த அளவே 120 அல்லது 130. அதன் தகட்டில் எல்லா இடத்திலும் சூடு ஒன்றுபோல் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே சாதாரணச் செயற்கை விக்குக்கு அயர்னே கூடாது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் கூடாது. ஹேர் டிரையரின் வாய்க்கு அருகே காற்று 100 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், அதையும் குளிர்காற்று நிலையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் இவ்வகை விக்கின் வடிவத்தை மாற்றவே முடியாதா? முடியும். அதற்கு ஏற்ற கருவி வெந்நீர். நீரின் சூடு, திறந்த பாத்திரத்தில், 100ஐத் தாண்டவே தாண்டாது. அந்த இயற்கையான வரம்பே நமக்குக் காவல். கொதிக்கும் நீர் இரண்டு பங்கு, நம் ஊர்க் குழாய் நீர் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 75 டிகிரி கிடைக்கும். விக்கை அலசிச் சிக்கெடுத்து, கற்றை கற்றையாக நுனி மடங்காமல் ரோலரில் சுற்றிக் குத்துங்கள். தலைவலைப் பகுதி நனையாமல், சுற்றிய பகுதியை மட்டும் அந்த நீரில் அரை நிமிடம் வரை வைத்து எடுங்கள். கெட்டியான ரப்பர் கையுறை கட்டாயம் வேண்டும்; 75 டிகிரி நீர் கையில் பட்டால் நொடியில் தோல் வெந்துவிடும். எடுத்ததும் குளிர்ந்த நீர் ஊற்றி, ரோலரோடேயே நிழலில் ஓரிரவு உலரவிடுங்கள். போதிய சுருள் விழவில்லையென்றால், கொதிநீரின் பங்கைக் கொஞ்சம் கூட்டி மறுபடி செய்யலாம். நேராக்க வேண்டுமானால் விக்கைத் தாங்கியில் நிறுத்தி, அதே வெந்நீரை மேலிருந்து ஊற்றி, அகலப்பல் சீப்பால் இழுத்துவிட்டு, நீட்டிய நிலையிலேயே ஆறவிட வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: மனித முடியில் தவறாக விழுந்த வடிவம் அடுத்த அலசலில் போய்விடும்; செயற்கை இழையில் தவறாக விழுந்தது எத்தனை முறை அலசினாலும் நிற்கும்.

மூன்றாம் வகை, 'சூடு தாங்கும்' என்று எழுதி விற்கும் செயற்கை விக். இது பெரும்பாலும் பாலியெஸ்டர் வழிவந்த இழை. பாலியெஸ்டர் உருகுவது 250 டிகிரிக்கும் மேலே. ஆனால் 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். இங்கே இளகலுக்கும் உருகலுக்கும் இடையே வெளி அகன்றிருப்பதால் அயர்ன் வைக்க இடமுண்டு. ஆனாலும் அந்த வெளி முழுவதையும் பயன்படுத்தக் கூடாது. உருகுவதற்கு வெகுமுன்பே இழை சுருங்கி நுனி பஞ்சாகிவிடும். 120இல் தொடங்கி, தேவையானால் 140வரை போகலாம். அதற்கு மேல் தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே. மனித முடியைவிட இது மெதுவாகவே வடிவம் ஏற்கும். கற்றையை மெலிதாக்குவதே அதற்கு மருந்து, சூட்டைக் கூட்டுவதல்ல.

இந்த வகையில் அளவுகோல் குழப்பம் ஒன்று பெருந்தீங்கு செய்கிறது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த விக்குகளின் அட்டையில் 300, 350 என்ற எண்கள் இருக்கும். அவை ஃபாரன்ஹீட். 300 ஃபாரன்ஹீட் 149 செல்சியஸ், 350 ஃபாரன்ஹீட் 177 செல்சியஸ். நம்மிடம் விற்கும் ஸ்ட்ரெயிட்னர்களோ பெரும்பாலும் செல்சியஸ் காட்டுபவை. பலவற்றின் உச்சம் 230. அட்டையில் 300 என்று படித்தவர், கருவியின் உச்சமே 230தானே என்று நிம்மதியாக அதை முழுக்கத் திருப்பிவிடுகிறார். அது 446 ஃபாரன்ஹீட். ஒரே இழுப்பில் விக் முடிந்துவிடும்.

மனித முடியும் செயற்கை இழையும் கலந்த விக்குகளும் உண்டு. அவற்றில் எது குறைந்த சூட்டைத் தாங்குமோ அதுவே முழு விக்குக்கும் எல்லை. கலவையில் மனித முடி எவ்வளவு இருந்தாலும் இந்த விதி மாறாது.

கையிலிருப்பது எந்த வகை என்றே தெரியாவிட்டால், பிடரிப் பக்க உள்வரிசையிலிருந்து மூன்று நான்கு இழைகளை மட்டும் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின் மேல், விக்கிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை சுருண்டு உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். தீயை அகற்றியதும் தானே அணைந்துவிட்டால் அது மோடாக்ரிலிக் அல்லது பி.வி.சி.யாக இருக்கலாம். கலப்பு விக் ஏமாற்றாமலிருக்க, இரண்டு மூன்று இடங்களில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இழையைப் போலவே விக்கின் அடித்தளமும் சூட்டுக்கு அஞ்ச வேண்டியது. மனித முடி விக்காகவே இருந்தாலும், முடியைக் கோத்திருக்கும் லேஸ் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர்; சிலவற்றில் பாலியூரித்தேன் படலமும் இருக்கும். முடி தாங்கும் சூட்டை லேஸ் தாங்க வேண்டும் என்பதில்லை. அயர்னை அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே தொடங்குங்கள். விக்கை வைக்கும் தெர்மாகோல் தலையும் 100 டிகிரிக்குள்ளேயே குழிந்து போகும். வெந்நீருக்கும் அயர்னுக்கும் கித்தான் துணித் தலையே தக்கது.

தலையில் அணிந்தபடி விக்குக்குச் சூடு வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புற்றுநோய்க்கான கீமோதெரபியால் முடி இழந்து விக் அணிவோர் பலர். அவர்களின் தலைத்தோல் மென்மையாகவும் எளிதில் புண்படுவதாகவும் இருக்கும். சிலருக்கு அந்த மருந்துகளால் கைவிரல்களின் உணர்வும் குறைந்திருக்கும். சூடு பட்டது தெரியும்முன் காயம் ஆகியிருக்கும். அவர்களுக்கு இந்த வேலையை வீட்டார் யாராவது, விக்கைத் தாங்கியில் வைத்து, செய்து கொடுப்பதே முறை.

அயர்னே வைக்காதவர் விக்கும் சமையலறையில் கெடும். சாதம் வடிக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி, குக்கர் திறக்கும்போது எழும் ஆவி, ஓவன் கதவைத் திறந்ததும் வரும் அனல் ஆகியவை நெற்றிப்பக்க இழையைப் பஞ்சாக்கப் போதுமானவை. அடுப்படியில் செயற்கை விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு ஏற்றும்போதும் கற்பூர ஆரத்தி ஒற்றும்போதும் முன்முடியைப் பின்னால் ஒதுக்குங்கள். உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கும் என்பதால் அதன் காயம் ஆழமானது. ஹேர் ஸ்ப்ரேயில் ஆல்கஹால் உண்டு. அது உலருமுன் தீயருகே போகவும் கூடாது, அயர்ன் வைக்கவும் கூடாது. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்பலகை 70 டிகிரியைத் தாண்டக்கூடும். அங்கே பெட்டிக்குள் மடித்து வைத்த விக் இளகி, மாலையில் ஆறும்போது அந்த மடிப்பையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்ளும்.

விக் விற்போருக்கு ஒரு வேண்டுகோள். இழையின் பெயரையும், அது தாங்கும் சூட்டின் உச்ச அளவைச் செல்சியஸிலும், பெட்டியின் மேல் தமிழில் அச்சிடுங்கள். இரண்டே வரி போதும். அது வரும்வரை, வாங்குவோர் இந்த இரண்டையும் கடையில் கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்ல மறுக்கும் கடையில் வாங்கிய விக்கை, சாதாரணச் செயற்கை இழை என்றே கொண்டு, அயர்ன் படாமல் வைத்திருங்கள்.